ஆடிக் காற்றை எதிர்த்து ஒரு சைக்கிள்

நெடுந்தூர சைக்கிள் பயணிகளைக் கண்டால் எல்லோரும் மலைப்பாதையைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70 என்று கணக்கு வைத்துப் பேசுவோம். சமவெளியை யாரும் ஒரு பொருட்டாகக் கேட்பதில்லை. ஆனால் ஆனியிலோ ஆடியிலோ கரூரிலிருந்து மேற்கே, தாராபுரம், உடுமலைப்பேட்டை வழியாகப் பொள்ளாச்சிக்கு மூட்டை முடிச்சுகளோடு மிதித்துப் பாருங்கள். சாலை நன்றாக இருக்கும். பயப்படும்படி ஏற்றம் ஏதும் இல்லை. இருபுறமும் மக்காச்சோளம், சின்ன வெங்காயம், மேய்ச்சல் காடு, தூரத்தில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள். அப்படியிருந்தும் காலை பத்து மணி தாண்டியதும் வேகம் பாதியாகிவிடும். தொடை கடுக்கும். அடுத்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும் கல்லில் எண் குறைவதே பெரும்பாடாக இருக்கும்.

அம்மியும் பறக்கும் ஆடிக் காற்று என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, சைக்கிள் நின்றுபோகும். எதிர்காற்றில் ஒரு நாள் முழுவதும் மிதிப்பவர் படும் பாட்டுக்குப் பின்னால் தெளிவான இயற்பியல் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் காற்று குறையாது. ஆனால் அந்த நாளை எப்படிக் கடப்பது என்பது தெரியும்.

மலைச் சுவரில் ஒரு வாசல்

கொங்கு நாட்டுச் சமவெளியில் மட்டும் ஏன் இவ்வளவு காற்று? விடை மேற்கே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 1,600 கி.மீ. நீளத்துக்கு அரபிக்கடலை ஒட்டி எழுப்பிய சுவர்போல் நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சுவரில் மோதி மேலே ஏறி, குளிர்ந்து, மேகமாகிக் கேரளத்தில் மழையாகக் கொட்டிவிடுகிறது. சுவரின் நடுவே பெரிய வாசல் ஒன்று உண்டு. வடக்கே 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவைக் கொண்ட நீலகிரி. தெற்கே 2,695 மீட்டர் உயர ஆனைமுடியைக் கொண்ட ஆனைமலைப் பகுதி. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்தில், தரைமட்டம் சுமார் 300 மீட்டரைத் தாண்டாத பாலக்காட்டுக் கணவாய்.

மலையைத் தாண்ட முடியாத காற்று இந்த வாசலை நோக்கி நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. அகன்ற இடத்தில் பரவி வந்த காற்று குறுகிய வழியில் புகும்போது வேகம் கூடுவது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. பருவமழைக் காலத்தில் கேரளப் பக்கம் மேகமும் மழையுமாகக் குளிர்ந்திருக்கும். கிழக்கே தாராபுரம், கரூர் பக்கம் வெயில் காயும். சூடான பக்கத்தில் காற்றழுத்தம் சற்றுக் குறைவு. குளிர்ந்த பக்கத்தில் அதிகம். அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று ஓடும். பகலில் கிழக்குப் பக்கம் சூடேற ஏற இந்த இழுப்பும் வலுக்கும்.

வாசல் வழியாக வந்த காற்றில் மழை மிச்சமிருப்பதில்லை. தாராபுரம், மூலனூர், காங்கேயம் பகுதிகள் மழை மறைவு நிலங்கள். பருவக்காற்று முழு வலுவுடன் வீசும் மாதங்களிலும் வானம் பெரும்பாலும் வறண்டே இருக்கும். மானாவாரி விவசாயிக்கு ஏமாற்றம் தரும் இந்தக் காற்றுதான் பூளவாடி, குடிமங்கலம், கேத்தனூர் பக்கங்களில் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. தமிழ்நாட்டில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி மின்சாரம் கிடைப்பது மே முதல் செப்டம்பர் வரையிலான இந்தக் காற்றுக் காலத்தில்தான்.

சைக்கிளில் போகிறவருக்கு இந்தக் காத்தாடிகள் இலவசமாகக் கிடைத்த திசைகாட்டிகள். இவற்றின் இறக்கைகள் எப்போதும் காற்று வரும் பக்கத்தைப் பார்த்தே திரும்பி நிற்கும். எதிரே தெரியும் காற்றாலையின் முகம் நம்மைப் பார்த்தால் காற்று நம் முதுகைத் தள்ளுகிறது என்று பொருள். அதன் பின்புறம் தெரிந்தால் காற்று நம் நெஞ்சில் மோதுகிறது. கரூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகிறவர் வழி நெடுக முதுகுகளைத்தான் பார்த்துக்கொண்டு போவார்.

நொடிக்கு ஆறு கிலோ காற்று

காற்றுக்கு எடை உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். கொங்குச் சமவெளியின் உயரத்திலும் வெப்பத்திலும் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.1 கிலோ இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, கேரியரின் இருபுறமும் பைகளைக் கட்டிக்கொண்டு போகும் ஒருவர், காற்றுக்கு ஏறக்குறைய அரை சதுர மீட்டர் பரப்புள்ள பலகையைப்போல் தடையாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காற்றே வீசாத நாளில் அவர் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால், ஒவ்வொரு நொடியும் சுமார் 3 கிலோ காற்றை விலக்கிக்கொண்டு போகிறார்.

இப்போது எதிரிலிருந்து மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்று வரட்டும். சைக்கிளின் வேகம் மாறவில்லை. ஆனால் அவர் உடலில் மோதும் காற்றின் வேகம் மணிக்கு 40 கி.மீ. ஆகிவிட்டது. இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நொடிக்கு மோதும் காற்று 3 கிலோவிலிருந்து 6 கிலோவாகிறது. அந்தக் காற்றின் ஒவ்வொரு கிலோவும் இரண்டு மடங்கு வேகத்தோடு மோதுகிறது. இரண்டையும் பெருக்கினால் தடை நான்கு மடங்கு. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

இதை வாட் கணக்கில் பார்ப்போம். சைக்கிள், பைகள், ஆள் எல்லாம் சேர்ந்து 95 கிலோ. டயர் சாலையில் உருளும்போது ஏற்படும் தடையையும் சேர்த்துக்கொள்வோம். காற்றில்லாத சமதளத்தில் 20 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 83 வாட் போதும். உடல் நலமுள்ள ஒருவர் பல மணி நேரம் சிரமமின்றித் தரக்கூடிய அளவு அது. 20 கி.மீ. எதிர்காற்றிலும் அதே வேகத்தைத் தக்கவைக்க வேண்டுமானால் சுமார் 225 வாட் வேண்டும். நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டு வீரருக்கே அதை நாள் முழுவதும் தாங்குவது கடினம். சாதாரணப் பயணி சில நிமிடங்களில் மூச்சிரைத்து நின்றுவிடுவார்.

ஆகவே அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: அதே 83 வாட்டில் மிதித்துக்கொண்டு, கிடைக்கும் வேகத்தில் போவது. கணக்குப் போட்டால் வேகம் மணிக்கு 11 கி.மீ. அளவுக்கு இறங்குகிறது. தாராபுரத்திலிருந்து பொள்ளாச்சி அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். எளிமைக்காக 60 என்றே வைத்துக்கொண்டால், 3 மணி நேரத்தில் முடிய வேண்டிய தூரம் 5 மணி 25 நிமிடத்துக்கு இழுத்துவிடுகிறது.

மலையோடு ஒப்பிட்டால் இன்னும் விளங்கும். 11 கி.மீ. வேகத்தில் இந்த எதிர்காற்று கூடுதலாகத் தரும் தடை, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 2 மீட்டர் உயரும் சாலையில் ஏறுவதற்குச் சமம். அறுபது கிலோமீட்டர் தூரத்துக்கும் அப்படி ஏறிக்கொண்டே போனால் 1,100 மீட்டருக்கு மேல் உயரம் வந்துவிடும். மலையில் ஏறினால் உச்சி உண்டு, அந்தப் பக்கம் மிதிக்காமல் இறங்கும் சுகமும் உண்டு. ஏறும்போது செலவிட்ட ஆற்றல் உயரமாகச் சேமிக்கப்பட்டு, இறங்கும்போது திரும்பக் கிடைக்கிறது. எதிர்காற்றில் செலவிட்ட ஆற்றல் பின்னால் சுழித்துக் கலையும் காற்றில் வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. நாளின் முடிவில் ஒரு மலையளவு உழைத்திருப்போம்; நிற்பது என்னவோ சமதளத்தில்தான்.

போனது போனதுதான்

'வரும்போது அதே காற்று நம்மைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும், சரிக்குச் சரியாகிவிடும்' என்று ஆறுதல் சொல்வதுண்டு. அது சரிவராது. அதே 83 வாட்டில், 20 கி.மீ. காற்று முதுகில் தள்ளினால் வேகம் மணிக்கு 32 கி.மீ. வரை போகும். திரும்பும் 60 கி.மீ. ஒரு மணி 53 நிமிடத்தில் முடிந்துவிடும். போக 5 மணி 25 நிமிடம், வர 1 மணி 53 நிமிடம். ஆக 7 மணி 18 நிமிடம். காற்றே இல்லாத நாளில் போக வர 6 மணி நேரம்தான். எதிர்காற்று பறித்தது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், பின்காற்று திருப்பித் தந்தது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

காரணம் எளிது. மெதுவாகப் போகும்போதுதான் நாம் அதிக நேரம் சாலையில் இருக்கிறோம். துன்பம் நீண்ட நேரம் நீடிக்கிறது. இன்பம் சட்டென்று முடிந்துவிடுகிறது.

பக்கவாட்டுக் காற்றும் நண்பனன்று. சாலைக்குக் குறுக்கே, சரியாக இடமிருந்து வலமாக வீசும் காற்று முன்னே போவதைத் தடுக்காது என்று தோன்றும். ஆனால் நம் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்து, காற்று சாய்வாக நம்மேல் மோதும். அதன் மொத்த வேகமும் கூடிவிடும். 20 கி.மீ. வேகத்தில் போகிறவர்மீது 20 கி.மீ. குறுக்குக் காற்று வீசினால், அவரைப் பின்னுக்கு இழுக்கும் தடை சுமார் 40 சதவீதம் கூடுகிறது. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அது எதிர்காற்றாகவே தோன்றுகிறது என்று சைக்கிள்காரர்கள் புலம்புவது வெறும் மனப்பிரமை இல்லை. திசைகளில் பாதிக்கு மேல் உண்மையிலேயே நமக்கு எதிரானவை.

வீச்சும் ஓய்வுமாக வரும் காற்று இன்னும் மோசம். ஒரு நிமிடம் 10 கி.மீ., அடுத்த நிமிடம் 30 கி.மீ. என்று மாறி மாறி வீசினால் சராசரி 20 தான். ஆனால் தடை இருமடியில் கூடுவதால், வீச்சில் ஏறும் சுமை ஓய்வில் குறையும் சுமையைவிடப் பெரிது. 11 கி.மீ. வேகத்தில் போகிறவருக்குச் சீரான 20 கி.மீ. காற்றைவிட இது பத்து சதவீதம் அதிகத் தடை தரும்.

தரைக்கு அருகே என்ன நடக்கிறது

வானிலை அறிக்கையில் காற்றின் வேகம் 33 கி.மீ. என்று பார்த்துவிட்டுப் பயப்படத் தேவையில்லை. அது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் உள்ள வேகம். காற்று தரையில் உரசுவதால் கீழே வர வர வேகம் குறையும். திறந்த விவசாய நிலத்தில், சைக்கிளில் இருப்பவரின் நெஞ்சு மட்டத்தில் அது ஏறத்தாழ 60 சதவீதமாக இருக்கும். 33 என்பது நம்மிடம் வரும்போது 20 ஆகிவிடுகிறது. மேலே போனால் நேர்மாறு: 100 மீட்டர் உயரத்தில் காற்று 10 மீட்டரில் இருப்பதைவிட 40 சதவீதம் அளவுக்கு வேகமாக வீசும். காற்றாலைகளை வானுயரக் கட்டுவது இதற்காகத்தான். காற்றில் உள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், சிறு வேக உயர்வும் பெரிய வருமானம்.

எவ்வளவு குறையும் என்பதைத் தரையின் சொரசொரப்பு முடிவு செய்கிறது. அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் காற்றுக்குப் பிடிமானம் இல்லை; தங்கு தடையின்றி வரும். ஆள் உயரத்துக்கு வளர்ந்த மக்காச்சோளம் இருந்தால் கொஞ்சம் மட்டுப்படும். பொள்ளாச்சியை நெருங்கும்போது தென்னந்தோப்புகள் அடர்ந்து, மட்டைகள் காற்றைப் பிடித்துக்கொள்வதால் சாலை மட்டத்தில் காற்று தணியும். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனம் வளர்த்த தோப்புகள் சைக்கிள் பயணிக்கும் நிழலோடு இந்த உதவியையும் செய்கின்றன.

தாராபுரம், காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளைச் சுற்றியிருக்கும் கிளுவை வேலியையும் சொல்ல வேண்டும். காங்கேயம் மாடுகள் மேயும் இந்த நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் இருக்கும். எல்லை நெடுக உயிர்வேலியாகக் கிளுவை நட்டிருப்பார்கள். இப்படிப்பட்ட வேலி நல்ல காற்றுத் தடுப்பு. வேலியின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்கும் மேல், காற்று போகும் பக்கத்தில் வேகம் தெளிவாகக் குறைந்திருக்கும். கெட்டிச் சுவரைவிட, கொஞ்சம் காற்றை உள்ளே விடும் வேலியே இதற்கு மேல். சுவரைத் தாண்டிய காற்று பின்னால் சுழன்றடிக்கும். வேலியில் வடிந்து வந்த காற்று அடங்கியே வரும். ஆனால் வேலி உதவுவது குறுக்குக் காற்றுக்குத்தான். சாலை நீளத்துக்கு நேராக எதிரே வரும் காற்றை ஓரத்து வேலி என்ன செய்யும்?

குறுக்குக் காற்றுள்ள இடங்களில் லாரிகளிடம் கவனம் வேண்டும். காற்றுக்கு ஈடுகொடுத்து நாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்போம். லாரி பக்கத்தில் வந்ததும் காற்று சட்டென்று மறையும். சைக்கிள் லாரியை நோக்கி இழுபடும். லாரி கடந்ததும் காற்று மீண்டும் அறையும். சாலையின் விளிம்பை ஒட்டி ஓட்டாமல், இருபுறமும் சற்று இடம் விட்டு ஓட்டினால்தான் தடுமாறினாலும் சமாளிக்க முடியும்.

விடியற்காலை ஏன் அடங்கியிருக்கிறது

காற்றுக்கும் ஒரு நாள்முறை உண்டு. சூரியன் மறைந்ததும் தரை வேகமாகக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. மேலே வெதுவெதுப்பான காற்று. எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கின்றன. நூறு மீட்டர் உயரத்தில் காற்று விரைந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அதன் வேகம் கீழே இறங்க வழியில்லை. அதிகாலையில் காற்றாலை சுற்றிக்கொண்டிருக்க, கீழே வயலில் பயிர் அதிகம் அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம்.

வெயில் ஏறியதும் தரை சூடாகிறது. அதைத் தொட்ட காற்று லேசாகி மேலே எழும்ப, மேலிருந்த வேகமான காற்று கீழே இறங்கிக் கலக்கிறது. ஒன்பது, பத்து மணிக்குக் காற்று 'கிளம்பிவிட்டது' என்று சொல்வது இந்தக் கலப்பைத்தான். தரை மிகச் சூடான பிற்பகலில் கலப்பும் உச்சத்தில் இருக்கும். அப்போதுதான் வீச்சும் புழுதியும் அதிகம். பொழுது சாயும்போது மெல்ல அடங்கும்.

எனவே காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறவரும் எட்டு மணிக்குக் கிளம்புகிறவரும் ஒரே சாலையில் இருவேறு பயணங்களைச் செய்கிறார்கள். முதல் மூன்று மணி நேரத்தில் முன்னவர் கடக்கும் தூரத்தைப் பின்னவர் கடக்க ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரமும் உழைப்பும் தேவைப்படலாம்.

உடம்பின் வரவு செலவு

மிதிப்பதில் நாம் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் பெடலுக்குப் போகிறது. மற்றதெல்லாம் உடல் வெப்பம். 83 வாட் பெடலுக்குக் கிடைக்க, உடல் சுமார் 375 வாட் ஆற்றலை எரிக்க வேண்டும். காற்றில்லாத 3 மணி நேரப் பயணத்துக்கு அது ஆயிரம் கலோரிக்குச் சற்றுக் குறைவு. எதிர்காற்றில் 5 மணி 25 நிமிடத்துக்கு சுமார் 1,750 கலோரி. தசையிலும் கல்லீரலிலும் நாம் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து மொத்தமே ஏறக்குறைய 2,000 கலோரிக்குள்தான். கொழுப்பிலிருந்தும் ஒரு பங்கு வரும் என்பதால் உடனே தீர்ந்துவிடாது. ஆனால் காற்றோடு வீம்புக்கு மல்லுக்கட்டி வேகமாக மிதித்தால் உடல் கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்தையே அதிகம் எரிக்கும். அது தீர்ந்தால் கைகால் வெலவெலத்து, கண் இருட்டி, எரிச்சலும் குழப்பமும் வரும். சாலையோரம் உட்கார்ந்துவிட்டு, ஏன் இந்தப் பயணம் வந்தோம் என்று நொந்துகொள்ளும் நிலை பெரும்பாலும் மனத்தளர்ச்சியால் மட்டும் வருவதில்லை. இரத்தத்தில் சர்க்கரை இறங்கியதாலும் வருகிறது.

மருந்து, பசிக்கும்முன் சாப்பிடுவது. நீண்ட நேர உழைப்பில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தின் பொதுவான பரிந்துரை. ஒரு பெரிய வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் சட்டைப் பையிலேயே இடம் பிடிக்கலாம். வழியில் கம்மங்கூழ் கிடைத்தால் இன்னும் நல்லது. மாவும் உப்பும் நீரும் ஒரே சொம்பில்.

தண்ணீர் விஷயத்தில் எதிர்காற்று ஒரு வஞ்சகம் செய்யும். வறண்ட காற்று உடலில் படப்பட வியர்வை உடனுக்குடன் ஆவியாகிவிடும். சட்டை நனையாது, வியர்க்கவில்லை என்றே நினைப்போம். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். மிதிப்பதால் உடலில் சேரும் வெப்பத்தை வெளியேற்றவே மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் வியர்வை வேண்டும்; மேலே வெயிலும் சேர்ந்தால் அதற்கும் மேல். ஐந்து மணி நேரத்தில் மூன்று, நான்கு லிட்டர் போய்விடுவது சாதாரணம். உடல் எடையில் இரண்டு சதவீதம், அதாவது 65 கிலோ ஆளுக்கு ஒன்றேகால் லிட்டர் இழந்தாலே உழைக்கும் திறன் குறையத் தொடங்கும். பின்காற்றில் போகும்போது நிலைமை தலைகீழ். நம் வேகத்தில் காற்றின் வேகம் கழிந்துவிடுவதால் உடலில் படும் காற்று மிகவும் குறைவு. வியர்வை எளிதில் ஆவியாகாமல் வழியும், புழுங்கும்.

ஒவ்வொரு லிட்டர் வியர்வையோடும் ஆளுக்கு ஏற்ப இரண்டு கிராம் அளவில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், மயக்கம் வரை போகலாம். கல் உப்பு போட்ட மோரும் நீராகாரமும் எலுமிச்சைச் சாறும் நம் கிராமத்துச் சாலைகளில் கிடைக்கும் நல்ல மருந்துகள். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கலவையில் லிட்டருக்கு 2.6 கிராம் சாதாரண உப்பு இருக்கிறது. ஒன்றிரண்டு பொட்டலங்களைப் பையில் வைத்துக்கொள்வதில் சுமை ஏதுமில்லை.

குனிந்தால் கிடைப்பது

காற்றின் வேகத்தை நம்மால் மாற்ற முடியாது. காற்றுக்கு நாம் காட்டும் பரப்பை மாற்றலாம். முழங்கையை மடக்கி, முதுகைத் தாழ்த்தி, படபடக்கும் சட்டையை இறுகக் கட்டிக்கொண்டால் அரை சதுர மீட்டர் 0.4 ஆகக் குறைந்துவிடும் என்று கொள்வோம். நம் கணக்கில் வேகம் 11 கி.மீ.யிலிருந்து 12 கி.மீ.க்குச் சற்று மேலே போகும். அறுபது கிலோமீட்டரில் அரை மணி நேரம் மிச்சம். நிமிர்ந்த நிலையிலேயே இருந்துகொண்டு அதே வேகத்தை எட்ட வேண்டுமானால் இருபது சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டும். குனிவதற்குச் செலவில்லை. கைப்பிடியின் உயரத்தைச் சற்று இறக்குவதும், ஹேண்டில்பாரில் அகலமாகத் தொங்கும் பையைப் பின்னுக்கு மாற்றுவதும் இதே பலனைத் தரும்.

இரண்டு பேர் இருந்தால் காற்றின் கணக்கே வேறு. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி, அவர் கிழித்த காற்றுக்குள் போனால் பின்னவரின் காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். நெதர்லாந்து, பெல்ஜியம் பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய பெர்ட் பிளாக்கன் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்குத் தனியாகப் போகிறவரின் தடையில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே மிஞ்சுவதாகக் கண்டார்கள். இரண்டு நண்பர்களுக்கு அந்தப் பேறு கிடைக்காது. ஆனாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாறிக்கொண்டால் இருவருக்கும் ஓய்வு கிடைக்கும். சுமையோடு போகும்போது பிரேக் பிடிக்கத் தூரம் அதிகம் வேண்டும் என்பதால் இடைவெளியை மிகவும் குறைக்கக் கூடாது. லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது உயிரோடு விளையாடுவது.

கியர் இல்லாத சைக்கிளில் எதிர்காற்று ஏன் முழங்காலைப் பிடிக்கிறது என்பதற்கும் எண் உண்டு. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள வழக்கமான பெரிய சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். 11 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 34 சுற்றுகள்தான் வரும். அதே வாட்டை இவ்வளவு மெதுவான சுற்றில் எடுக்க, ஒவ்வொரு மிதியிலும் எடையைப் போட்டு அழுத்த வேண்டும். எழுந்து நின்று மிதித்தால் அழுத்தம் கிடைக்கும். ஆனால் காற்றுக்குக் காட்டும் அகலமும் கூடிவிடும். கியர் உள்ள வண்டியில் சின்ன கியருக்கு இறங்கி 70 சுற்றில் லேசாக மிதிப்பதுதான் முழங்காலுக்கு நல்லது. நெதர்லாந்துக்காரர்கள் இதையே போட்டியாக்கிவிட்டார்கள். 2013 முதல், புயல் வீசும் நாளாகப் பார்த்து, ஓஸ்டர்ஷெல்டெ கடல் தடுப்பணையின் மேல் 8.5 கி.மீ. தூரத்துக்குக் கியர் இல்லாத சாதாரண சைக்கிள்களில் எதிர்காற்றுப் பந்தயம் நடத்துகிறார்கள்.

மாதம் பார்த்துத் திசை

எதிர்காற்றில் மனம் உடைவதற்கு முக்கியக் காரணம், காற்றில்லாத நாளின் வேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கிளம்புவதுதான். 20 கி.மீ. போக வேண்டிய வண்டி 11இல் போகிறதே என்று பதறி அழுத்தினால், கூட்டிய உழைப்பில் ஒரு பகுதிதான் வேகமாகும், மீதி வீணாகும். நாளைக் கிலோமீட்டரில் அளக்காமல் மணியில் அளப்பதே வழி. 'இன்று ஆறு மணி நேரம் மிதிப்பேன், எந்த ஊர் வருகிறதோ அங்கே தங்குவேன்' என்று முடிவு செய்தவரைக் காற்று தோற்கடிக்க முடியாது. மூச்சு முட்டாமல் பேசிக்கொண்டே போக முடிகிறதா என்பது மட்டுமே அவருக்கு அளவுகோல். வேகம் காட்டும் கருவியை அன்று அணைத்துவிடலாம்.

அதற்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: வரைபடத்தைப் பார்த்து வழியை முடிவு செய்யும் முன் மாதத்தைப் பாருங்கள். ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாயின் காற்று மேற்கிலிருந்து வருகிறது. மார்கழி, தை மாதங்களில் அதே வாசல் வழியாகக் கிழக்கிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் வீசுகிறது. பொள்ளாச்சிக்கும் கரூருக்கும் இடையே சைக்கிளில் போக ஆசைப்படுகிறவர் ஆடியில் கிளம்பினால் பொள்ளாச்சியிலிருந்து தொடங்கட்டும். மார்கழியில் என்றால் கரூரிலிருந்து. திசையை மாற்ற வழியில்லாமல் ஆடியில் மேற்கே போயே ஆக வேண்டுமென்றால், விடியும்முன் கிளம்புங்கள், குனிந்து மிதியுங்கள், மோரைக் கண்டால் நில்லுங்கள், பத்து மணிக்கு மேல் வேகத்தைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள்.